மறுவளம்

மாசி பிறந்தபோது
போன வருசக் கலண்டரின் முதுகில் ஒரு கோடு கீறினேன்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் இல்லாமல் முடியாதவை,
அந்தப் பக்கம் மற்றதெல்லாம்.
அந்தப் பக்கம் நிரம்பி
விளிம்பில் திரும்பி மேலே ஏறியது.
எனக்கே வெட்கமாய்ப் போயிற்று.

மூன்றரை மணி ரோல்ஸை வெட்டுவது சுகம்.
வெள்ளிக்கிழமை அர்ச்சனை எந்தப் பக்கம் என்று
இரண்டு நாள் யோசித்தேன்.
இந்தப் பக்கம் எழுதி, வெட்டி,
கற்பூரம் மட்டும் என்று திருத்தினேன்.
பிள்ளையார் ரசீது கேட்கிற ஆளில்லை.

கோண்டாவிலில் இருந்து இப்போது பஸ் எடுப்பதில்லை.
சைக்கிளுக்குச் சங்கிலி கழரும் வருத்தம்.
பலாலி வீதியில் ஒரு நாளைக்கு மூன்று இடத்தில் குந்துவேன்.
கறுத்த விரல்களோடேயே
ஆஸ்பத்திரிக் கவுண்டரில்
மற்றவர்களின் பில்லை அடித்துக் கொடுப்பேன்.

வீடு பெரிது. அதுதான் சங்கடம்.
அண்ணா அனுப்பி அனுப்பி எழும்பிய வீடு:
மயில் பொறித்த கேற்,
நடந்தால் முகம் தெரிகிற மாபிள்.
அந்த மாபிளில் நின்றுதான்
சுண்டால் பருப்பு அளக்கிறேன்.
காலுக்குக் குளிர்கிறது.
ஒரு சுண்டு என்றால் மூன்று நாள்.
நாலாம் நாள் முருங்கையைப் பார்ப்பேன்,
அது என்னைப் பார்க்கும்.

ஜெயரூபியின் கலியாணத்துக்குக் காய்ச்சல் என்றேன்.
என்வலப்புக்குள் வைக்க இரண்டாயிரம் இருந்தது,
அது ஏற்கெனவே வேறொருவருடையது.
"கனடாக் காசு கூடக் கூடக் கையும் இறுகும்"
என்றாளாம் அவளுடைய மாமி.
சொல்லட்டும்.

தைக் கடைசியில் ஓர் இரவு
"இந்த மாசம் கொஞ்சம் பிந்தும்" என்றார் அண்ணா.
அவ்வளவுதான்.
ஆனால் அவர் குரலுக்குப் பின்னால்
யாரோ இருமினார்கள்,
வேறொரு பாஷை வந்து கதவைத் தட்டியது.
பத்தொன்பது வருசமாய் அந்த வீட்டில்
பிரிட்ஜின் இரைச்சல் தவிர
வேறொன்றும் நான் கேட்டதில்லை.
முதுகு போனதையும்
அதோடு வேலை போனதையும், வீடு போனதையும்
பிறகு சித்தப்பாவின் மகன்தான் சொன்னான்.

உண்டியல் குலசிங்கத்தாரின் அறை
கொக்குவிலில், ரயர்க் கடைக்குப் பின்னால்.
என்னைக் கண்டதும் வழமைபோல லாச்சியை இழுத்தார்.
நான் கைப்பையைத் திறந்தேன்.
இழுத்த லாச்சி இழுத்தபடி,
திறந்த பை திறந்தபடி
கொஞ்ச நேரம்.
"என்ன தங்கச்சி, மறுவளமோ?"
"ஓம். ஆர் தந்ததெண்டு சொல்ல வேண்டாம்.
பழைய கடன் எண்டு குடுக்கச் சொல்லுங்கோ."
முப்பத்தோராயிரம். எச்சில் தொட்டு எண்ணினார்.
கொமிசனை எடுத்தார், ஒரு ரூபாவும் குறைக்காமல்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மாதம் முழுக்க நான் வாங்காததெல்லாம்
அங்கே போய் நூற்றுச் சொச்சம் டொலர்.
அறை வாடகையில் ஒரு மூலை,
கால் நீட்டுகிற அளவு இருக்கலாம்.

ஆறாம் மாதம், கொடியேறின அன்று,
நல்லூர் வீதியில்
கச்சான்காரி ஒரு கை அள்ளி நீட்டினாள்,
ருசி பாருங்கோ, காசு வேண்டாம் என்று.
ஒன்றே ஒன்று எடுத்தேன்.
வீடு வரைக்கும் உடைக்கவில்லை.

இரவு அண்ணா எடுத்தார்.
"என்ன சாப்பாடு?"
"விளைமீன் குழம்பு. உங்களுக்கு?"
"ஆட்டிறைச்சி. நாளைக்கும் மிச்சம் கிடக்கு."
இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.
பிறகு சொன்னார்:
"ஆரோ ஒருத்தன் மாசாமாசம் வாறான்,
பழைய கடன் எண்டு காசு தாறான்.
நான் ஒருத்தருக்கும் குடுத்த ஞாபகம் இல்லை."
"யோசிச்சுப் பாருங்கோ" என்றேன்.
அவர் யோசித்தார்.
அந்தப் பக்கம் இருமல் ஒன்று வந்து போனது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை,
கையும்.
சுளகில் கிடந்ததை எடுத்து உடைத்தேன்.

"கச்சானோ?" என்றார்.
"கொடி ஏறிட்டுதோ அங்க?"